அத்தையின் பேச்சுக்கு நடுவே விளம்பரம்

அத்தைக்கும் மாமாவுக்கும் சண்டை சூடுபிடித்திருந்த நேரத்தில்தான் முதல் விளம்பரம் வந்தது.

சண்டை ஒரு ஜிப்பைப் பற்றி. கருப்பு ஜிப் வாங்கி வரச் சொன்னால் மாமா கருநீலத்தை வாங்கி வந்திருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். இப்போது அத்தையின் தையல் கடையில் பட்டன் தைப்பதும் கடைக்குப் போய்வருவதும் அவர் வேலை.

"முப்பது வருஷம் சிக்னல் பாத்து வண்டி ஓட்டினவன் நான். எனக்கே கலர் சொல்லித் தர்றியா?" என்றார், பட்டன் டப்பாவைக் கிளறிக்கொண்டே.

அத்தை மெஷினை நிறுத்தினார். கழுத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கைக்குட்டைக்கு மேல் அளவு டேப் தொங்கியது. மேஜைமேல் கிடந்த போனை எடுத்து இரண்டு கட்டைவிரல்களாலும் படபடவென்று தட்டினார்.

"சிக்னல்ல மூணே கலர்தான்," என்றது போன், நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு பெண்ணின் குரலில். "அதுல கருநீலம் கிடையாது."

கால்சட்டைக்காகக் காத்திருந்த வாடிக்கையாளர் சிரித்துவிட்டார். மாமா பதில் தேடுவதற்குள் அத்தை அடுத்ததைத் தட்ட ஆரம்பித்திருந்தார். அது பெரிய வாக்கியம். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, மாமா இன்று தப்பமாட்டார் என்று. தட்டி முடித்து, 'பேசு' பொத்தானை அமுக்கினார்.

திரை முழுக்க ஒரு கோட்டை முளைத்தது. முரசு அதிர்ந்தது. "வாருங்கள் மன்னா! எதிரியின் கோட்டையைத் தகர்ப்போம்!" என்று ஓர் ஆண்குரல் கடை அதிரக் கத்தியது.

"தகர்த்துருவோம்," என்றார் மாமா, எழுந்து நின்று.

மூலையில் மங்கலாக ஒரு பெருக்கல் குறி தெரிந்தது. அத்தை அதைத் தொட்டார். விளம்பரம் மூடவில்லை; அந்த விளையாட்டை இறக்கிக்கொள்ளச் சொல்லி வேறு ஒரு பக்கம் திறந்தது. அங்கிருந்து மீண்டு வந்தால் முரசு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. முப்பது வினாடி கழித்து அத்தையின் வாக்கியம் திரும்பக் கிடைத்தபோது மாமா வாடிக்கையாளரின் தோளில் கைபோட்டபடி டீ குடிக்கப் போயிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஒரு சண்டையில் அத்தை தோற்றது அன்றுதான்.

மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான்: 'முதல் விளம்பர நெட்வொர்க். முப்பது வினாடி. சத்தத்தோடு. மூடும் குறி பொய்.'

நிமிர்ந்தபோது அத்தை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். போன் பேசியது. "மாப்பிள்ளை, இந்த ராஜாவை யாரு என் வாய்க்குள்ள விட்டது?"

"நான்தான் அத்தை," என்றான் அவன்.

அந்தச் செயலிக்குப் பெயரே 'வாய்'தான். பெயர் வைத்தது அத்தை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு தொண்டையில் வந்த கட்டிக்காக அத்தையின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் குரல் போனது போனதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஒரு சின்னப் பலகையில் எழுதிக் காட்டுவார். எழுதி முடிப்பதற்குள் மாமா அடுத்த அறைக்குப் போய்விடுவார். அதைப் பார்த்துப் பொறுக்காமல் மாப்பிள்ளை, லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிற தன் வேலைக்கு இரண்டு வாரம் விடுப்புப் போட்டுவிட்டு, தட்டினால் பேசுகிற செயலி ஒன்றைச் செய்துகொடுத்தான். பதினொரு குரல்கள் இருந்தன. அத்தை இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசவைத்துப் பார்த்து, ஏழாவதைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் குரலில் முதலில் சொன்னது, "இன்னைக்குக் கடையைத் திறங்க."

ஒருவருக்காகச் செய்ததை இப்போது நாற்பதாயிரம் பேர் வைத்திருந்தார்கள். அங்கேதான் சிக்கல். குரல்களைக் கொடுக்கும் கம்பெனி, கொஞ்சம் பேர் பயன்படுத்தும்வரை இலவசமாக விட்டிருந்தது. கூட்டம் சேர்ந்ததும் மாதக் கட்டணம் கேட்டது. மூன்று மாதம் மாப்பிள்ளை சம்பளத்திலிருந்து கட்டினான். அதற்குப் பிறகு மனைவி அவனை உட்காரவைத்துப் பேசினாள். அவள் காப்பீட்டு ஆபீசில் வேலை பார்ப்பவள், அதிகம் கத்தமாட்டாள்.

"எங்கம்மாவோட குரல்ப்பா அது. நானா வேண்டாம்பேன்? ஆனா நாற்பதாயிரம் பேர் நம்ம ஒரு சம்பளத்துல பேச முடியாது. அடுத்த மாசம் முப்பதாம் தேதி வரைக்கும் பாரு. அதுக்கப்புறம் அது சொந்தக் கால்ல நிக்கணும்."

நிற்கவில்லை என்றால் போனிலேயே இலவசமாக இருக்கும் குரலுக்கு மாற வேண்டும். அது ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக, வீடு காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் மாதிரி வாசிக்கும். அதில் கேள்வியும் இருக்காது, கிண்டலும் இருக்காது. அத்தை அதில் ஒரு முறை, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டபோது மாமா பயந்துபோய், "என்ன தப்பு பண்ணேன்?" என்றார்.

பயன்படுத்துகிறவர்களிடம் காசு வாங்க அத்தை சம்மதிக்கவில்லை. "ஆபரேஷனுக்கே நகை நட்டெல்லாம் போயிருக்கும். பேசறதுக்கும் டிக்கெட்டா?" திரையின் அடியில் ஓடும் சின்ன விளம்பரங்கள் எழுத்துப் பலகையை மறைத்தன, அவற்றால் டீச் செலவுகூடத் தேறவில்லை. மிஞ்சியது முழுத்திரை விளம்பரம். விளம்பரங்களைச் சேர்த்துக் கொடுக்கும் நெட்வொர்க்குகள் ஏகப்பட்டவை. எதைப் பிடிப்பது?

மாப்பிள்ளை முறையாகச் செய்கிற ஆள். ஒரு தாளில் கட்டம் போட்டான். ஆயிரம் பேர் பார்த்தால் என்ன கொடுப்பார்கள். பத்து முறை கேட்டால் எத்தனை முறை வெறுங்கையோடு திரும்புவார்கள். மூடும் குறி எத்தனை வினாடியில் வரும், அது நிஜமா. தானாகச் சத்தம் போடுமா. எந்த மாதிரி விளம்பரம் வேண்டாமென்று நாம் சொல்லலாமா. செயலியின் எடை எவ்வளவு கூடும். கேள்வி கேட்டால் மனிதர் பதில் சொல்வாரா, மெஷினா. பதினாலு நெட்வொர்க்கில் பதினொன்று தாளிலேயே விழுந்துவிட்டன. மிச்சம் மூன்றையும் வாரத்துக்கு ஒன்றாக அத்தையின் போனில் ஓடவிட்டான். பத்து முறை 'பேசு' அமுக்கினால் ஒரு விளம்பரம்.

சோதனை செய்பவர்கள் போனை நெட்வொர்க்கில் பதிவு செய்துகொண்டால் வெற்றுப் பலகைதான் காட்டும். நிஜ விளம்பரம் வராது. தன் போனையும் மனைவியின் போனையும் அவன் அப்படிப் பதிந்திருந்தான். அத்தையின் போனை வேண்டுமென்றே பதியவில்லை. நிஜத்தில் என்ன வருகிறது என்று அத்தையின் கடையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அவன் திட்டம்.

பெயர் வைப்பதில் மாமா கெட்டிக்காரர். கோட்டைக்காரனுக்குச் 'சத்தக்காரன்' என்று பெயர் வைத்தார். மூன்று பேரில் காசு அதிகம் கொடுப்பது அவன்தான். இரண்டாவதற்குச் 'சாது': சத்தமில்லாமல் வரும், ஐந்தாவது வினாடியில் நிஜமான பெருக்கல் குறி, சூதாட்டம் வேண்டாம், கடன் வேண்டாம், கோட்டை வேண்டாம் என்றெல்லாம் நாம் தடுத்து வைக்கலாம். காசு நடுத்தரம். மூன்றாவது 'சோம்பேறி'. பத்து முறை கேட்டால் நாலு முறைதான் விளம்பரம் கொண்டுவரும். ஆனால் அங்கிருந்து ஒரு பெண்மணி தானாகவே போன் செய்தார்.

"எங்ககிட்ட சரக்கு கம்மிதான் சார், மறைக்கலை," என்றார். "வர்றது ஒழுங்கா வரும். உங்க ஆப்ல எங்க போடப்போறீங்கன்னு ஒரு படம் எடுத்து அனுப்புங்க. பேசற ஆப்ல எங்க போட்டாலும் யாரோ பேசிட்டுத்தானே இருப்பாங்க?"

நல்ல கேள்வி. மாப்பிள்ளை அதற்குப் பதில் தெரியாமல், "பாத்துச் சொல்றேன் மேடம்," என்று வைத்துவிட்டான். பிறகு சாதுவைத் தேர்ந்தெடுத்து, நாற்பதாயிரம் பேருக்கும் அனுப்பினான்.

அன்று சாயங்காலம் கடையில் டீ குடிக்கும்போது அத்தை கேட்டார். "இதுல எப்படிக் காசு வருது மாப்பிள்ளை?"

"பாத்தா கொஞ்சம் வரும் அத்தை. யாராவது தொட்டு உள்ள போனா, இன்னும் கொஞ்சம்."

"தொட்டாப் போதுமா?"

"போதும்."

இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். செயலிக்காரரும் அவரைச் சேர்ந்தவர்களும் தொடவே கூடாது என்பதுதான் இந்தத் தொழிலில் முதல் விதி. ஆனால் டீ ஆறிக்கொண்டிருந்தது. அத்தையும் தலையாட்டிவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாம் நாள் கணக்குப் பக்கத்தைத் திறந்த மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. நூறு பேர் பார்த்தால் இரண்டு பேர் தொடுவது வழக்கம். இங்கே அறுபத்தொன்று. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"நல்ல விளம்பரமா வருதோ என்னமோ," என்றாள் அவள், சந்தேகத்தோடு.

"ஜனங்களுக்கு நம்ம மேல ஒரு பிரியம்," என்றான் அவன். இரண்டு நாள் அந்த நினைப்பிலேயே மிதந்தான். வேறு யாருடைய செயலியிலாவது இந்த எண்ணைப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் கோளாறு என்று சொல்லியிருப்பான்.

ஐந்தாம் நாள் காலை கடிதம் வந்தது. இயற்கைக்கு மாறான தொடுதல்கள். கணக்கு மூடப்பட்டது. சேர்ந்த தொகை விளம்பரதாரர்களுக்கே திருப்பித் தரப்படும். ஒரே ஒரு முறை முறையிடலாம்.

மாப்பிள்ளை நேராகக் கடைக்குப் போனான். வாசலில் மாமா பெருமையாக வரவேற்றார். "உங்க அத்தை நாலு நாளா ஒரு கால்சட்டைகூட முடிக்கல. எந்நேரமும் தட்டல்தான், ஒரே விளம்பரத்தை இருபது தடவை. ஷூ விளம்பரம் வந்தா ஷூ, சோப்பு வந்தா சோப்பு. நானும் என் பங்குக்கு நூறு தட்டினேன்."

அத்தை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். துணி சுற்றியிருந்தது. பிறகு போனில் ஒரு குழுவைத் திறந்து அவனிடம் நீட்டினார். அது அவரைப் போலவே குரல்வளை எடுத்தவர்களின் குழு. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அதற்கு நீளமான பெயர் உண்டு; அவர்களுக்குள் அது 'வாயாடிகள் சங்கம்'. அத்தை அதில் எழுதியிருந்தார்: 'என் மாப்பிள்ளை நமக்காகப் பாடுபடுகிறார். விளம்பரம் வந்தால் விடாமல் தொடுங்கள். தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள்.' கீழே முப்பத்திரண்டு பேர் சரி என்று விரல் உயர்த்தியிருந்தார்கள். தெரிந்தவர்களுக்கும் சொல்லியிருந்தார்கள்.

அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "ரொம்ப நல்லது அத்தை," என்று ஆரம்பித்தான். "கணக்குலதான் ஒரு சின்ன..."

அந்த நேரம் பார்த்து மேஜைமேல் இருந்த அவன் போன் அடித்தது. எடுக்கப்போன கை தவறி ஒலிபெருக்கியில் பட்டது. மனைவியின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "கடிதத்தைப் பாத்தேன்ப்பா. யாரோ வேணும்னே தட்டித்தான் மூடிட்டாங்களாம். எவன்ப்பா அவன், நம்ம வாயில மண்ணு போட்டவன்?"

மாமா தட்டிய விரலைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அத்தை தன் போனை வாங்கி அணைத்தார். நூல்கண்டுகள் இருக்கும் இழுப்பறையைத் திறந்து, உள்ளே வைத்து, மூடினார். பாதியில் நின்ற கால்சட்டையை எடுத்து மெஷினில் வைத்தார்.

"அத்தை, அது உங்க..." என்றான் மாப்பிள்ளை. மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது.

மறுநாளும் இழுப்பறை திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வாடிக்கையாளர்களுக்கு விரல்களால் விலை காட்டினார் அத்தை. பேரம் பேசியவர்களிடம் விட்டுக்கொடுத்தார். மகள் வந்து கெஞ்சினாள். "நான் ஆள் தெரியாமச் சொன்னேம்மா. நீதான்னு தெரிஞ்சிருந்தா அப்படிச் சொல்வேனா?" அத்தை அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். கோபம் யார்மேலும் இல்லை. நாற்பதாயிரம் பேரின் வாயை அடைத்தவளுக்கு எதற்கு வாய் என்று இருந்திருக்க வேண்டும்.

நாலாம் நாள் மாமா மாப்பிள்ளையின் வீட்டுக்கே வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"மாப்பிள்ளை, நேத்து வேணும்னே பச்சை ஜிப் வாங்கிட்டுப் போனேன். கருப்புக் கால்சட்டைக்கு. ஒரு பேச்சு இல்ல. வாங்கி வெச்சுக்கிட்டா." சற்று நிறுத்தினார். "தெச்சும் கொடுத்துட்டா, மாப்பிள்ளை."

இதற்கிடையில் மாப்பிள்ளை நடந்ததை நடந்தபடி எழுதி முறையீடு அனுப்பியிருந்தான். மாமியார், சங்கம், பாசம், டீ எல்லாம் அதில் இருந்தது. பதினொரு நிமிடத்தில் பதில் வந்தது: பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை. சாது போய்விட்டான். தாளை மறுபடி எடுத்துவைத்தான். எப்படிக் கூட்டினாலும் சோம்பேறி கட்டணத்தில் பாதியைத்தான் தொட்டான். சத்தக்காரன் மட்டும்தான் தாண்டினான். முப்பதாம் தேதிக்குப் பத்து நாள் இருந்தது. அத்தையின் ஏழாம் எண் குரலைக் காப்பாற்ற வேண்டுமானால், அதன் நடுவே முரசு அடிக்கவிட வேண்டும்.

இரண்டு நாள் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் ஒரு செய்தி வந்தது. 'சனிக்கிழமை மூன்று மணி. ஆஸ்பத்திரி இரண்டாம் மாடி, உடற்பயிற்சி அறை. தங்களிடம் விளக்கம் தேவை. அத்தையையும் அழைத்து வரவும். தலைவர், வாயாடிகள் சங்கம்.'

அத்தை வரமாட்டார் என்றுதான் நினைத்தான். வந்தார். போன் இல்லாமல், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

உடற்பயிற்சி அறையில் பெரிய ரப்பர் பந்துகளும் கைப்பிடிக் கம்பிகளும் சுவரோரம் ஒதுக்கப்பட்டிருந்தன. நடுவில் வட்டமாக நாற்காலிகள். முப்பது பேர் இருக்கும். எல்லோர் கழுத்திலும் ஏதோ ஒரு துணி. அறைக்குள் நுழைந்த மாப்பிள்ளை வாசலிலேயே நின்றுவிட்டான். முப்பது பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள், அவன் தேடிப்பிடித்து வைத்த பதினொரு குரல்களில். ஐந்து பேர் ஒரே குரலில் சிரிக்கச் சிரிக்கக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நான் நேத்து இருநூத்திப் பதினாலு," என்றது ஒரு போன்.

"நான் முன்னூத்தியாறு. பேங்குல சண்டை."

"என் மருமகள் ஊர்லேர்ந்து வந்திருக்கா. ஐநூறைத் தாண்டிட்டேன்."

என்ன எண் என்று எட்டிப்பார்த்தான். 'இன்று பேசியவை.' ஒரு நாளில் எத்தனை முறை 'பேசு' அமுக்கினார்கள் என்று காட்டும் பக்கம். எப்போதோ அரைமணி நேரத்தில் எழுதிச் சேர்த்துவிட்டு மறந்தே போயிருந்தான்.

தலைவர் கையைத் தட்டினார். அந்தக் காலத்தில் ஏலம் போட்டவர். மூன்று தெருவுக்குக் கேட்கும் தொண்டை என்று பெயர் வாங்கியவர். இப்போது அவர் போனில் இரண்டாம் எண், கனத்த ஆண்குரல், ஒலி முழுசாகத் திறந்துவிடப்பட்டிருந்தது.

"விளம்பரக் கணக்கை மூடிவிட்டார்கள். முப்பதாம் தேதியோடு குரல் போகும் என்று கேள்வி. இதற்கு யார் பொறுப்பு?"

மாப்பிள்ளை எழுந்தான். வழியெல்லாம் யோசித்துவைத்ததைச் சொன்னான்.

"நான்தாங்க. தொடக்கூடாதுன்னு நான் சொல்லல. அத்தை போனைப் பதிவு பண்ணியிருக்கணும், பண்ணல. முழுக்க முழுக்க என் தப்பு. அத்தைக்கு இதுல ஒண்ணும் தெரியாது. பாவம், அவங்க என்னத்தைக் கண்டாங்க? வெகுளியாத் தட்டிட்டாங்க. அவங்களுக்கு இந்த விவரமெல்லாம்..."

பக்கத்து நாற்காலியில் ஏதோ அசைந்தது. அத்தை எழுந்து, தலைவரின் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கட்டைவிரல்கள் பாய்ந்தன.

"யாரு ஒண்ணும் தெரியாதவ?"

கனத்த ஆண்குரல் ஜன்னல் கண்ணாடியில் மோதித் திரும்பியது. மாப்பிள்ளை ஓரடி பின்வாங்கினான்.

"எனக்குத் தெரியும். தொட்டாக் காசுன்னு நீங்கதான் சொன்னீங்க. தெரிஞ்சுதான் தொட்டேன். ஆயிரத்து நானூறு தடவை." மறுபடி தட்டல். அறையே காத்திருந்தது. "வெகுளியாம். இருபத்தஞ்சு வருஷமாக் கடை நடத்தறேன். என் தப்பை நான் சுமப்பேன். அதைத் தூக்கிட்டு ஓட நீங்க யாரு மாப்பிள்ளை?"

"இல்லத்தை, நான் வந்து..."

"உக்காருங்க."

உட்கார்ந்தான். தலைவர் தன் போனுக்காகக் கையை நீட்டினார். அத்தை கொடுக்கவில்லை.

"உங்களுக்கும் சொல்றேன் தலைவரே. விளக்கம் தேவைன்னு கடுதாசி எழுதினீங்க. நீங்க எத்தனை தடவை தொட்டீங்க?"

தலைவர் கூரையைப் பார்த்தார். ஒரு மூலையிலிருந்து மூன்றாம் எண் குரல் சொன்னது: "அறுநூறு. எங்கிட்டப் பெருமை அடிச்சாரு." அறை முழுக்கத் தோள்கள் குலுங்கின. சத்தமில்லாத சிரிப்பு அது. ஒன்பது நாளாக அத்தையின் பேச்சைக் கேட்காதது எவ்வளவு பெரிய பாரம் என்று, ஏலக்காரரின் குரலில் அதைக் கேட்டபோதுதான் மாப்பிள்ளைக்குத் தெரிந்தது.

பிறகு வேலை நடந்தது. மாப்பிள்ளை தாளை விரித்து மூன்று நெட்வொர்க்கையும் ஒன்று விடாமல் சொன்னான். சத்தக்காரன்தான் கட்டணத்தைத் தாண்டுகிறான் என்பதையும் மறைக்கவில்லை.

"அவன் வேண்டாம்," என்றார் முன்னூற்றாறு பேசிய அம்மாள். "மேனேஜரைத் திட்டும்போது மன்னான்னு கூப்பிட்டா என் மானம் என்னாகும்?"

"நடுவுல வந்தாத்தானே பிரச்சினை?" என்றார் ஒரு பழைய கண்டக்டர். "பேசாத நேரத்துல வரட்டும்."

"நீங்க எப்பப் பேசாம இருந்திருக்கீங்க?" என்றது பக்கத்துப் போன்.

மாப்பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தான். கதவருகே இரண்டு பேர் இன்னும் எண்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போனை நீட்டி, பார்த்து, உதட்டைப் பிதுக்கி, மறுபடி நீட்டி. அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது யாரும் எதையும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. சொன்னதையெல்லாம் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு நிமிஷம்," என்று மடிக்கணினியைத் திறந்தான். நாற்பதாயிரம் பேரில் அந்தப் பக்கத்தைத் தினமும் எத்தனை பேர் திறக்கிறார்கள் என்று தேடினான். தினமும் பேசுகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. பலர் நாலைந்து முறை. "இன்னைக்கு எத்தனை பேசினோம்னு பாக்கறதுக்கு முன்னாடி ஒரு விளம்பரம் வந்தா, பொறுத்துக்குவீங்களா?"

தலைவர் ஐந்து விரல்களை விரித்துக் காட்டினார். பிறகு தலைவருக்காக அத்தையே, அவர் சாடையைப் பார்த்துத் தட்டினார்: "அஞ்சு வினாடின்னா சரி."

அங்கேயே சோம்பேறியின் பெண்மணிக்குப் போன் செய்தான். அவர் உடனே எடுத்தார்.

"சார், அது நல்ல இடம்," என்றார். "தானா ஆசைப்பட்டுத் திறக்கிற பக்கத்துக்கு எங்க விளம்பரதாரங்க கூடவே கொடுப்பாங்க. ஒரு தடவை காலியா வந்தாலும் அடுத்த தடவை கிடைச்சிரும். ஆனா ஒண்ணு சார், முந்தைய கணக்கு ஏன் மூடினாங்க?"

சொன்னான். எதிர்முனையில் வெகுநேரம் சத்தமில்லை. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார் என்பது புரிய மாப்பிள்ளைக்குக் கொஞ்ச நேரமாயிற்று. "ஒரு மாசம் பாப்போம்," என்றார் கடைசியில். "அந்தச் சங்கத்து போன் எல்லாத்தையும் சோதனை லிஸ்ட்ல போட்டுருங்க. நூறு தடவை தட்டினாலும் கணக்குல வராது. மத்தவங்களுக்கு நீங்கதான் சொல்லணும்."

கூட்டிப் பார்த்தான். கட்டணம் வந்தது, அதற்குமேல் கொஞ்சம். முதல் பணம் வர ஒரு மாதமாகும் என்று மனைவிக்கு எழுதினான். 'இந்த ஒரு தடவைதான்,' என்று பதில் வந்தது. அடுத்த நொடியே இன்னொன்று: 'அம்மா பேசினாளா?'

சங்கம் தன் பெயரில் எல்லோருக்கும் அறிக்கை அனுப்பியது. பொருள் நிஜமாக வேண்டுமென்றால் மட்டும் தொடவும்.

"எனக்கு நிஜமாவே ஷூ வேணும்," என்றார் போன் திரும்பக் கிடைத்த தலைவர்.

"அப்பத் தொடுங்க," என்றான் மாப்பிள்ளை.

"ரெண்டு தடவை?"

"ஒரு தடவையும் வேண்டாம் தலைவரே. உங்களுக்கு இனிமே வெற்றுப் பலகைதான் வரும். கடையில போய் வாங்குங்க."

இருவரும் வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரி எதிரே பஸ் நிறுத்தத்தில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. அத்தை உட்கார்ந்தார். மாப்பிள்ளையைப் பார்த்து உள்ளங்கையை நீட்டினார். அவன் தன் போனைக் கொடுத்தான். அத்தை 'வாய்' திறந்து, தட்டுவதற்கு முன் குரல் பட்டியலுக்குப் போய், ஏழாம் எண்ணைத் தேர்ந்தெடுத்தார்.

"மாப்பிள்ளை."

தூங்கி எழுந்த பெண்ணின் குரல். மாப்பிள்ளை செருப்பைப் பார்த்துக்கொண்டு, "சொல்லுங்கத்தை," என்றான்.

அத்தை தட்ட ஆரம்பித்தார். நெடுநேரம் தட்டினார். நிறுத்தி, யோசித்து, பாதியை அழித்து, மறுபடி தட்டினார். நெற்றி சுருங்கியது. ஒரு தரம் நிமிர்ந்து அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு இன்னும் வேகமாகத் தட்டினார். ஒன்பது நாள் பாக்கி அவ்வளவும் வரப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்தது.

அவர்களுடைய பஸ் வந்தது. உள்ளே ஜன்னலோர இடங்கள்கூடக் காலியாக இருந்தன. கதவு திறந்தது. டிரைவர் அவர்களைப் பார்த்தார். அத்தை தலையே நிமிர்த்தவில்லை.

"நீங்க போங்க சார்," என்று கைகாட்டினான் மாப்பிள்ளை. "இவங்க இன்னும் சொல்லி முடிக்கல."